இலந்தைப் பழக்காரியும் மாரியாத்தாளும்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கியதும், பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "ஈஸ்வரி பாட்டுக் கச்சேரி எங்கேம்மா நடக்கிறது?" என்று விசாரித்தேன். அந்த அம்மாள் கை பாட்டுக்குக் கதம்பம் கட்டிக்கொண்டிருக்க, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஈஸ்வரி? கோயில்லே இருக்கிறவளா, பாடுறவளா?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள். இருந்தாலும் அந்தக் கேள்வி அன்றிரவு முழுவதும் என்னை விடவில்லை. மறுநாள் கல்வராயன் மலை மேலே ஏறுகிற பஸ்ஸிலும் கூடவே வந்தது.

2025-ம் வருஷத்து ஆடி மாதம். அதிலும் வெள்ளிக்கிழமை. தென்னாற்காட்டுச் சீமையில் ஆடி வெள்ளி எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு வேப்பிலைத் தோரணம். மூலைக்கு மூலை கூழ் அண்டா. மஞ்சள் புடவையும் ஈரத் தலையுமாகப் பெண்கள். பஸ் நிலையத்திலிருந்து கச்சேரிப் பந்தலுக்கு நடந்து போவதற்குள் நாலு கோயில்களைக் கடந்தேன். நாலு கோயில்களிலும் குழாய் ஒலிபெருக்கி. நாலிலும் நாலு வெவ்வேறு அம்மன் பாட்டு. ஆனால் குரல் மட்டும் ஒன்றே: எல். ஆர். ஈஸ்வரி.

இப்படி ஊரே ஓசியில் கேட்டுக்கொண்டிருக்கும் குரலுக்குத் தனியாக ஒரு கச்சேரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதிய வாசகி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியிருந்தார். இது பக்திப் பாடல் கச்சேரி அல்லவாம். ஈஸ்வரி சினிமாவில் பாடிப் பேர் வாங்கிய ஆரம்ப நாட்களின் பாட்டுகள் மட்டும். 1961-லிருந்து 1972 வரை. அதைத் தாண்டி ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. உள்ளூர் மெல்லிசைக் குழு ஒன்று மூன்று மாதம் ஒத்திகை பார்த்திருக்கிறது. "கட்டாயம் வாருங்கள், உங்களுக்கு ஒரு விஷயம் கிடைக்கும்" என்று முடித்திருந்தார். கிடைத்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

முதலில் அந்தக் குரலுக்கு உரியவரைப் பற்றி நாலு வார்த்தை.

ஈஸ்வரி 1939-ல் பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம், இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. தாயார் நிர்மலா சினிமாவில் கோரஸ் பாடியவர். தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒலிப்பதிவுக்குப் போன பெண், அங்கேயே கோரஸ் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றுவிட்டாள். 1954-ல் வந்த 'மனோகரா'வில் அந்தக் கூட்டுக் குரல்களுக்குள்ளே இவர் குரலும் இருக்கிறது. தனியாகப் பிரித்தெடுக்கத்தான் முடியாது. 1958-ல் 'நல்ல இடத்துச் சம்பந்தம்' படத்தில் கே. வி. மகாதேவன் தனிப் பாட்டுக் கொடுத்தார். எம். எஸ். ராஜேஸ்வரி என்று ஒரு பாடகி அதற்கு முன்பே பிரபலமாக இருந்ததால், இன்னொரு ராஜேஸ்வரி வேண்டாமென்று இவர் எல். ஆர். ஈஸ்வரி ஆனார்.

பெயர் மாறியதே தவிர, அதிர்ஷ்டம் உடனே மாறிவிடவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1961-ல், 'பாசமலர்' வந்தது. பீம்சிங் டைரக்ஷன், விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. கல்யாணப் பெண்ணைத் தோழி அழைக்கிற அந்தப் பாட்டின் பல்லவியை நான் இங்கே எழுத வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்திருப்பார்கள். உங்கள் அம்மா கல்யாணத்தில் நிச்சயமாக வாசித்திருப்பார்கள். நாதஸ்வரக்காரர், பாண்டு வாத்தியக்காரர், மைக் செட்காரர் மூவருக்கும் பொதுவான சாஹித்யம் அது!

ஒன்று கவனித்தீர்களா? அந்தப் பாட்டிலும் ஈஸ்வரிக்குக் கிடைத்தது மணப்பெண்ணின் குரல் இல்லை; தோழியின் குரல். கதாநாயகி பாட வேண்டியதெல்லாம் பெரும்பாலும் பி. சுசீலாவுக்குப் போய்விடும். தோழி, கோமாளியின் ஜோடி, தெருவில் விற்கிறவள், கிளப்பில் ஆடுகிறவள், கையில் கிண்ணத்தோடு வருகிறவள் எல்லாம் ஈஸ்வரிக்கு. நல்ல வீட்டுப் பெண்கள் வாய்விட்டுப் பாடக்கூடாது என்று பெரியவர்கள் நினைத்த பாட்டுகள் அவருக்கு வந்து சேர்ந்தன. (அந்தப் பாட்டுகளைத்தான் நல்ல வீட்டுப் பெண்கள் சமையலறையில் முணுமுணுத்தார்கள் என்பது வேறு விஷயம்.)

பாசமலர் வந்த அதே 1961-ல்தான், பிப்ரவரி மாதம், லிவர்பூல் நகரத்தில் கேவர்ன் என்ற நிலவறைக் கிளப்பில் பீட்டில்ஸ் கோஷ்டி முதல் தடவையாக மேடையேறியது. அவர்களுடைய ஆரம்பப் பாட்டுகளை அச்சாக அப்படியே பாடிக் காட்டுவதற்கென்று இன்று உலகமெங்கும் தனிக் கோஷ்டிகள் இருக்கின்றன. அங்கே பாப் பாடகருக்கு முகம் உண்டு, தலைமுடி உண்டு, கோட்டு உண்டு. அதையெல்லாம் காப்பி அடிக்கலாம். நம் பின்னணிப் பாடகிக்கு முகம் ஏது? திரையில் வாயசைப்பவர் ஒருவர், திரைக்குப் பின்னால் பாடுகிறவர் ஒருவர். ஆகவே கள்ளக்குறிச்சி மேடையில் யாரும் ஈஸ்வரி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரவில்லை. வந்தவர் சாதாரண நைலக்ஸ் புடவையில், மூக்குக் கண்ணாடியும் பாட்டு நோட்டுமாக வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பகலில் தையல் கடை, இரவில் பாட்டு. கீ போர்டு வாசித்தவருக்கு மோட்டார் ரிப்பேர் தொழில். தபேலாக்காரர் ஒருவர்தான் முழு நேர வித்வான். அவரும் கல்யாண மாதங்களில்தான் முழு நேரம் என்றார்.

இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஆறரைக்கு ஆரம்பித்தால் மூன்றரை மணி நேரம். சாமி அலங்காரம், பெரிய மனிதர்களுக்குத் துண்டு போடுதல் எல்லாம் போக, பதினெட்டுப் பாட்டுக்குத்தான் நேரம். பதினெட்டையும் வரிசையாக ஒரு காகிதத்தில் எழுதி, மைக் கம்பத்தில் ரப்பர் வளையம் போட்டுச் சுற்றியிருந்தார்கள். அந்தக் காகிதத்தில் ஓர் இடத்தில் ஒரு வரி அடித்திருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்கள் பக்கத்தில் ஜமக்காளத்தில் இடம் பிடித்தேன். எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. காதில் பெரிய ஓட்டை, அதில் ஒன்றுமில்லை. மடியில் ஒரு துணி மூட்டை. வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள மலைக் கிராமத்திலிருந்து, இங்கே வாழ்க்கைப்பட்ட மகள் வீட்டுக்குக் கூழ் ஊற்றும் விசேஷத்துக்கு இறங்கி வந்திருக்கிறாள்.

"பாட்டுக் கேட்கப் பிடிக்குமா பாட்டி?"

"பிடிக்காம? சின்னப் புள்ளேலேருந்து கேக்குறேன் கண்ணு. படந்தான் பாத்ததில்லே."

அதென்ன கதை என்று கேட்டேன். சொன்னாள். அவள் பெண்ணாக இருந்த காலத்தில் கடுக்காயும் தேனும் பலாப்பழமும் சுமந்துகொண்டு அடிவாரத்துக்கு இறங்குவார்களாம். விற்றுக் காசாக்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மேலே ஏறுவதற்குள் இருட்டிவிடும். அடிவாரத்தில் டூரிங் டாக்கீஸ். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் கொட்டகைக்காரன் குழாயில் பாட்டுப் போடுவான். டிக்கெட்டுக்குக் காசில்லை, இருந்தாலும் ஆட்டம் முடிந்து காட்டு வழியில் திரும்ப முடியாது. ஆனால் பாட்டு மட்டும் காற்றில் பாதி மலை வரைக்கும் கூடவே வருமாம். "மூணாவது மடக்கு வரைக்கும் கேக்கும். அதுக்கு மேலே காத்துதான்."

அந்தக் காலத்தில் சினிமாப் பாட்டுப் பரவியதே இப்படித்தான். 1952-ல் பி. வி. கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்தபின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஜனங்கள் ரேடியோ முள்ளை இலங்கை பக்கம் திருப்பினார்கள். 1957-ல் விவித பாரதி வந்துதான் நிலைமை கொஞ்சம் மாறியது. ரேடியோ இல்லாதவர்களுக்குக் கல்யாண வீட்டு மைக் செட்டும் டூரிங் கொட்டகைக் குழாயும்தான் கதி.

ஆறே முக்காலுக்குக் கச்சேரி தொடங்கியது. முதல் பாட்டு, நீங்கள் நினைத்ததேதான்: பாசமலர். அம்மாள் பாட ஆரம்பிக்கும் முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெண்கள் பக்கமாக ஒரு தரம் நிதானமாகப் பார்த்தார். யாரையோ தேடுகிற மாதிரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். குரலில் ஈஸ்வரியின் அந்த மினுமினுப்பு இருந்தது என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் கரகரப்பு, மேல் ஸ்தாயியில் கொஞ்சம் சிரமம். ஆனால் தோழி அழைக்கிறாள் என்பது தெரிந்தது. என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேருடைய உதடும் அசைந்தது.

அப்புறம் கச்சேரி களை கட்டிவிட்டது. 1966-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'வல்லவன் ஒருவ'னின் பளிங்கு மாளிகைப் பாட்டு. வேதா இசையமைத்தது. அந்த ஸ்டூடியோ இருந்த சேலம் ஜில்லாவும் கள்ளக்குறிச்சி ஜில்லாவும் கல்வராயன் மலையைத்தான் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த ஊர்க்காரர்களுக்கு அது 'நம்ம பக்கத்துப் படம்'. கிளப் நடனப் பாட்டுத்தான், ஆனால் அதில் ஈஸ்வரி வார்த்தையே இல்லாமல் வெறும் குரலால் பின்னுகிற இடங்கள் இருக்கின்றனவே, அவை லேசுப்பட்டவையல்ல. வாத்தியமும் பாட்டும் ஒரே சமயத்தில் பதிவான காலம் அது. ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்றைக்கு மாதிரி வரி வரியாக ஒட்டுப் போட முடியாது. நம் அம்மாள் அந்த இடத்தில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். கூட்டம் அதற்கும் கை தட்டியது.

'அனுபவி ராஜா அனுபவி' (1967) பாட்டுக்கு ஒரு பையன் நாகேஷ் மாதிரி ஆடிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டான். 'சிவந்த மண்' (1969) சாட்டைப் பாட்டுக்குக் குழந்தைகளெல்லாம் முன்னால் வந்து நின்றுகொண்டன. சாட்டைச் சத்தம் எப்போது வரும் என்று அவற்றுக்கு ஒரே தவிப்பு. ரிதம் பேட் வாசித்தவர் இரண்டு தரம் சரியாக அடித்தார். மூன்றாம் தரம் சாட்டைக்குப் பதில் நாய் குரைத்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, பாவம்! பந்தல் இரண்டுபட்டது.

பிறகு வந்தது, எல்லாரும் காத்திருந்த 'எலந்தப் பழம்'. 1968-ல் வந்த 'பணமா பாசமா'. கே. எஸ். கோபாலகிருஷ்ணன் படம், கே. வி. மகாதேவன் இசை, திரையில் கூடையோடு வந்தவர் விஜய நிர்மலா. அந்தப் பாட்டு வந்தபோது அதைத் திட்டாத பெரியவர் இல்லை. பாடாத குழந்தையும் இல்லை. மேடையில் அம்மாள் அதை எடுத்த வேகத்தில், என் பக்கத்துப் பாட்டி மடி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள்.

"இது தெரியுமா பாட்டி?"

"தெரியாம? நான் வித்திருக்கேனே! தை மாசத்திலே கூடை கூடையா எலந்தைப் பழம் கொண்டாந்து விப்பேன். இந்தப் பாட்டு வந்த பெறகு, கூடையோடே எறங்கினா போதும், பையனுங்க பின்னாலேயே பாடிக்கினு வருவானுங்க."

"கோபம் வராதா?"

"முதல்லே வந்துச்சு. அப்பறம் பாத்தேன், பாடுறவன் ஒரு படி வாங்கிட்டுத்தான் போறான். பாடட்டும்னு விட்டுட்டேன்."

வியாபாரம் தெரிந்த பாட்டி!

அந்த உற்சாகத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்தப் பாட்டைப் பாடியவரும் கோயிலில் மாரியாத்தா பாட்டுப் பாடுகிறவரும் ஒருவர்தான், தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். பாட்டி தாளத்தை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "போ கண்ணு. படிச்ச பொண்ணு மாதிரி தெரியுது, ஒண்ணும் தெரியலியே. அது வேறே, இது வேறே" என்று சொல்லிவிட்டு, எனக்கும் தனக்கும் நடுவே மூட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணி இருக்கும். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சீட்டு மேடைக்குப் போயிற்று. மெல்லிசைக் கச்சேரிகளில் இது வழக்கம்தான்: வேண்டிய பாட்டை எழுதி, கூட ஓர் அன்பளிப்பும் வைத்து அனுப்புவார்கள். சீட்டோடு ஐந்நூறு ரூபாய் நோட்டு. அறிவிப்பாளர் பிரித்துப் படித்தவர், வாய் திறக்காமல் அம்மாளிடம் கொடுத்தார். அம்மாள் பார்த்தார். நோட்டைச் சீட்டோடு சேர்த்து மடித்து, மேடை ஓரத்தில் நின்ற பையனிடம் கொடுத்து, "கொண்டு போய்க் கொடுத்துட்டு வா, தம்பி" என்றார். மைக் அருகிலேயே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு விசில். "'வசந்த மாளிகை' பாடுங்க! அது இல்லாம என்னா ஈஸ்வரி கச்சேரி?" என்று ஒரு குரல்.

1972-ல் வந்த வசந்த மாளிகையில் டி. எம். சௌந்தரராஜனும் ஈஸ்வரியும் சேர்ந்து பாடிய, மதுவைச் சுற்றிச் சுழலும் பாட்டைத்தான் கேட்கிறார்கள். மெல்லிசைக் கச்சேரியில் அந்தப் பாட்டுக்கு விசிலும் விழும், நோட்டும் விழும். மைக் கம்பத்துக் காகிதத்தில் அடித்திருந்த வரி எதுவென்று இப்போது எனக்குப் புரிந்தது.

அம்மாள் ஒன்றும் பேசவில்லை. பிரசங்கம் செய்யவில்லை. கீ போர்டுக்காரரிடம் திரும்பி ஏதோ சொன்னார். வாத்தியங்களெல்லாம் அடங்கின. அதே 1972-ல் வந்த 'வெள்ளி விழா' படப் பாட்டை ஆரம்பித்தார். வி. குமார் இசை, வாலி எழுதியது. ஒரு மனைவி கணவனின் காதருகே ரகசியம் போலப் பாடுவது. கிளப்புக்கும் கோமாளிக்கும் என்று ஒதுக்கி வைத்த குரலுக்குள் இத்தனை மென்மை இருக்கிறதா என்று தமிழ்நாடு வாயடைத்துப் போன பாட்டு. அவ்வளவு பெரிய பந்தலில், மைக்கிலிருந்து முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, அவர் அதை மெல்லப் பாடினார். விசிலடித்த பின்வரிசை அடங்கிவிட்டது. இரண்டாவது சரணத்தில் என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவள் அவள் முதுகில் கை வைத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து அடிக்க ஐந்து நிமிஷத்துக்குக் கச்சேரி முடிந்தது. ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாளிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"அந்தப் பாட்டு மேலே எனக்கு ஒண்ணும் கோபம் இல்லீங்க" என்றார். "பாட்டு என்ன பண்ணும்? இருபது வருஷமா நான் பாடினதுதான். ஈஸ்வரியம்மா எவ்வளவு நல்லாப் பாடியிருக்காங்க! ஆனா இந்த ஊர்லே, இப்போ, என் வாயிலே வரலே."

2024-ம் வருஷம் ஜூன் 18, 19 தேதிகளில் இந்த ஊர்க் கருணாபுரத்தில் நடந்ததை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். மெத்தனால் கலந்த சாராயம். 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. பத்திரிகைகளில் சில வாரம் வந்தது. அப்புறம் நாம் எல்லாரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம்.

"அந்த ஆனியிலே ஒரு பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்" என்றார் அம்மாள், ஒயரைச் சுற்றிக்கொண்டே. "அரக்குப் பட்டிலே ரவிக்கை. அளவு ரவிக்கையோட அவ அப்பாதான் கொண்டாந்து கொடுத்தார். 'அந்த வாரக் கடைசியிலே வேணும், தங்கச்சி, ஏமாத்திடாதே'ன்னார். நான் தைச்சு, கொக்கி வெச்சு, இஸ்திரி போட்டு ஆணியிலே மாட்டிட்டேன். வாங்க ஆள் வரலே. ஏன் வரலேன்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

நான் பேசாமல் இருந்தேன்.

"ஆறு மாசத்துக்கு மேலே அந்த ஆணியிலேயே தொங்கிச்சுங்க. எடுத்துக்கிட்டுப் போய் யார் கையிலே கொடுக்கிறது? தை மாசம் அந்தப் பொண்ணே வந்தா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நல்லவங்க, காத்திருந்திருக்காங்க. போட்டுப் பார்த்துட்டு, 'லூசா இருக்கு, அக்கா, பிடிச்சுக் கொடுங்க'ன்னா. ரெண்டு பக்கமும் முக்கா இஞ்சு பிடிச்சேன். கல்யாணம் கோயில்லே நடந்துச்சு. மேளம் மட்டும், மைக் செட் வேணாம்னுட்டாங்களாம். கூலி எவ்வளவுன்னு கேட்டா. உங்கப்பா அன்னிக்கே கொடுத்துட்டாரும்மான்னு சொன்னேன்."

"கொடுத்திருந்தாரா?"

அம்மாள் ஒயர் சுருளுக்கு முடிச்சுப் போட்டார்.

"முதல் பாட்டு அவளுக்குத்தாங்க" என்றார். "வருவேன்னு சொல்லியிருந்தா. வந்திருந்தா. வேப்ப மரத்துக்கிட்டே நின்னுக்கிட்டிருந்தா, நீங்க பார்த்திருப்பீங்களே?"

நான் பார்க்கவில்லை. ரிதம் பேட் குரைத்ததையெல்லாம் பார்த்திருக்கிறேன், இதைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். வந்ததுதான் வந்தோம், பாட்டு பாதி தூரம் ஏறிய மலையைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்ற ஆசை. ஜன்னல் ஓரத்தில் யார் தெரியுமா? நம் பாட்டியேதான்! முதல் நாள் மனஸ்தாபத்தை மறந்து, மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை எதிரே வந்து நிற்கிறது. கோமுகி அணையை ஒட்டிய பச்சை, அப்புறம் காடு, அப்புறம் வளைவுக்குமேல் வளைவு. மேலே போகப் போக மரவள்ளியும் சாமையும் போட்ட சரிவுகள். 1968-ல் நாமெல்லாம் பழக்காரிப் பாட்டைக் கேட்டு ரஸித்துக்கொண்டிருந்தபோது, நிஜப் பழக்காரிகள் வாழ்ந்த இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்து! கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை ஜனங்களின் வாழ்க்கை நிலையைப் பற்றித் தானாகவே வழக்கு எடுத்து, சாலைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது வரை அதிகாரிகளைக் கேட்டது. மலை என்றால் சாராயம் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, அங்கே மனிதர்களும் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மூணாவது மடக்கு இதான்" என்றாள் பாட்டி. நான் எட்டிப் பார்த்தேன். கீழே சமவெளி முழுதும் வெள்ளைப் புகை மாதிரி வெயில். டூரிங் கொட்டகை இருந்த இடம் எதுவென்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து டிரைவர் பாட்டுப் போட்டார். ஆடி சனிக்கிழமை, வேறென்ன போடுவார்? உடுக்கையும் பம்பையும் முழங்க அம்மன் பாட்டு. பஸ்ஸில் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாட்டியும் போட்டுக்கொண்டாள்.

"கேட்டியா கண்ணு? இது ஆத்தா குரலு. இதைப் போய் நேத்து என்னமோ சொன்னியே."

எனக்கும் பிடிவாதம். கைப்பையிலிருந்து போனை எடுத்து, எலந்தப் பழத்தைத் தேடி, ஒலியைக் குறைத்து, பாட்டியின் காதில் வைத்தேன். ஒரு காதில் பழக்காரி, மறு காதில் மாரியாத்தா. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டாள். ஒரு வளைவு போயிற்று. இன்னொரு வளைவும் போயிற்று. பிறகு போனைத் தானே எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணுதான்" என்றாள். முகத்தில் ஆச்சரியமோ தோற்றுப்போன வருத்தமோ எதுவும் இல்லை.

"நேற்று இல்லை என்றீர்களே?"

"நேத்து நான் நெனச்சுப் பாக்கலே. ஆத்தாளும் ஒரு காலத்திலே கூடை தூக்கிப் பழம் வித்திருப்பா. இல்லேன்னா எங்க கஷ்டம் அவளுக்கு எப்படித் தெரியும்?"

பஸ் நின்றது. பாட்டி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கியவள் ஜன்னல் பக்கமாக வந்து, தை மாதம் வந்தால் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். இலந்தை மரம் இன்னும் இருக்கிறதாம்; பறிக்கத்தான் ஆளில்லையாம்.